சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே: இடைபுகுந்து செல்வது பற்றி ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூரில் காலை ஏழரை மணிக்கு அங் மோ கியோ அவென்யூ 3, அப்பர் புக்கிட் தீமா சாலை என்று எந்தப் பெரிய சந்திப்பில் நின்று பார்த்தாலும் சரி, சிவப்பு விழுந்ததும் ஒரே காட்சிதான். கார்களும் வேன்களும் பேருந்துகளும் தடம் தடமாக வரிசை பிடித்து நிற்கும். சற்று நேரத்தில் பின்னாலிருந்து மோட்டார்சைக்கிள்கள் ஒவ்வொன்றாக அந்த வரிசைகளுக்கு நடுவே நுழைந்து, மெல்ல முன்னேறி, நிறுத்தக் கோட்டருகே வந்து கூடும். இடது ஓரத்தில் நடைபாதைக் கல்லை ஒட்டியபடி ஒரு சைக்கிள்காரர் அதையே செய்துகொண்டிருப்பார்.

செய்பவர்கள் இதை ‘ஃபில்டர் பண்ணுவது’ என்கிறார்கள். காருக்குள் உட்கார்ந்து பார்ப்பவர்கள் ‘சந்துல புகுந்து வரானுங்க’ என்கிறார்கள். தமிழில் இதற்கென்று ஒரு சொல் இன்னும் நிலைக்கவில்லை. இந்தக் கட்டுரைக்கு ‘இடைபுகுதல்’ என்று வைத்துக்கொள்கிறேன். நின்றுவிட்ட வண்டி வரிசைகளுக்கு நடுவிலோ ஓரத்திலோ இருசக்கர வண்டி மெதுவாக முன்னே செல்வதுதான் இடைபுகுதல்.

எங்கள் வேலையிடத்தில் ஊரிலிருந்து வந்த இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். ஒருவர் போன வருடம் 2பி உரிமம், அதாவது சின்ன மோட்டார்சைக்கிளுக்கான உரிமம் எடுத்து, பழைய வண்டி ஒன்று வாங்கினார். மற்றவர் தங்குவிடுதியிலிருந்து சைக்கிளில் வருகிறவர். “அண்ணே, இங்க சிக்னல்ல முன்னாடி போய் நிக்கலாமா, கூடாதா?” என்று இருவரும் வேறு வேறு நாளில் கேட்டார்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, கூடாது என்றும் சொல்ல முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வண்டிகளுக்கு நடுவே ஓட்டுவது என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று தனித்தனிச் செயல்கள் இருக்கின்றன. வண்டிகள் நின்றிருக்கும்போது நடுவே மெதுவாகச் செல்வது ஒன்று. நான் இடைபுகுதல் என்பது இதைத்தான். எல்லா வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடங்களுக்கு நடுவில் உள்ள கோட்டின் மேல் ஓட்டிச் செல்வது இன்னொன்று. தீவு விரைவுச்சாலையில் வலது கோடியில் இருக்கும் முதல் தடத்துக்கும் இரண்டாம் தடத்துக்கும் நடுவே இதைத் தினமும் பார்க்கலாம். மூன்றாவது, இடமும் வலமுமாகத் தடம் மாறி மாறி ஒவ்வொரு வண்டியாக வெட்டிக்கொண்டு போவது. மலாய் நண்பர்கள் இதைச் ‘சிலோக்’ என்பார்கள். வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஆபத்தின் அளவு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மூன்றாவதை நியாயப்படுத்த என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. இங்கே பேசப்போவது முதலாவதைப் பற்றி மட்டும்.

சரி, வரிசையில் நிற்காமல் ஏன் முன்னே வருகிறார்கள்? அவசரம், பொறுமையில்லை என்று சொல்லிவிடலாம். அதுவும் உண்டு. ஆனால் சந்திப்பு இயங்கும் முறையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பச்சை விழுந்ததும் வரிசை மொத்தமும் ரயில்போல ஒன்றாக நகர்வதில்லை. முதல் கார் நகர்ந்து, அதைப் பார்த்து இரண்டாவது நகர்ந்து, அப்புறம் மூன்றாவது. ஒரு தடத்தில் நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போக வண்டிக்குச் சுமார் 2 விநாடி ஆகும் என்பது போக்குவரத்துப் பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. பத்தாவது இடத்தில் நிற்பவர் கோட்டைத் தாண்ட 20 விநாடி. அந்த இடத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றால் அதுவும் ஒரு காருக்கான நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதே மோட்டார்சைக்கிள்கள் ஆறேழு கோட்டருகே கூடி நின்றால், பச்சை விழுந்த மூன்று நான்கு விநாடியில் எல்லாம் பறந்துவிடும். பின்னால் நிற்கும் கார்களுக்கு வரிசை அந்த அளவு குறைகிறது. முன்னே வரும் மோட்டார்சைக்கிளைப் பார்த்துக் கோபப்படுகிற கார்க்காரர்கள் இதை யோசிப்பதில்லை. அந்த வண்டி உங்கள் இடத்தைப் பறிக்கவில்லை, உங்களுக்கு முன்னால் ஓர் இடத்தைக் காலி செய்திருக்கிறது.

இரண்டாவது காரணம் பின்னாலிருந்து வரும் இடி. வரிசையின் கடைசியில் நிற்கும் மோட்டார்சைக்கிளைக் கவனிக்காமல் ஒரு கார் வந்து மோதினால், அதற்கும் முன்வண்டிக்கும் நடுவே நசுங்குவது ஓட்டுபவரின் உடம்பு. காரில் இருப்பவருக்குக் கழுத்து வலியோடு போகும் மோதல் இது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் விபத்தில் சிக்கிய ஏறத்தாழ 6,000 மோட்டார்சைக்கிளோட்டிகளின் விவரங்களை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வண்டிகளுக்கு நடுவே சென்றுகொண்டிருந்தவர்கள் பின்னாலிருந்து இடிபட்டது குறைவு. தலைக்காயமும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. இதைக் கேட்டதும் “பார்த்தீங்களா, புகுந்து போறதுதான் சேஃப்” என்று சிலர் துள்ளுவார்கள். அதே ஆய்வு ஒரு நிபந்தனையும் சொல்கிறது. சுற்றியுள்ள வண்டிகளின் வேகத்தைவிட மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் போனவர்களுக்குக் காயங்கள் ஏறின. சுற்றிலும் எல்லாம் நிற்கிறது என்றால் அந்தக் கூடுதல் வேகம்தான் உங்கள் மொத்த வேகம். அதாவது, 24 என்பதே உச்சவரம்பு. என்னைக் கேட்டால் அதில் பாதிதான் சரியான வேகம்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லவே வேண்டாம், வெயிலும் மழையும். மதியம் இரண்டு மணிக்குத் தலைக்கவசத்தோடு ஒரு பேருந்தின் பின்புறச் சூட்டில் இரண்டு நிமிடம் நின்று பார்த்தவருக்குத் தெரியும்.

இப்போது சட்டம். சிங்கப்பூரில் இடைபுகுதலைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு இல்லை. பெயர் சொல்லி அனுமதிக்கும் பிரிவும் இல்லை. அதனால் ‘இது சட்டப்படி சரி’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, உரிய கவனமில்லாமலோ மற்றவர்களைப் பொருட்படுத்தாமலோ ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. புகுந்து போன விதம் அப்படி இருந்தால் அந்தப் பிரிவு பாயும். அதைவிட ஆபத்தாக இருந்தால் 64ஆம் பிரிவு. தடங்களுக்கு நடுவே இரட்டை வெள்ளைக் கோடு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. பேருந்துத் தடம் செயல்படும் நேரத்தில் மோட்டார்சைக்கிள் அதற்குள் போகக் கூடாது. எவ்வளவு முன்னே வந்தாலும் நிறுத்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம்தான் நிற்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைப் புதிதாக உரிமம் எடுத்தவர்கள் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 12 குற்றப்புள்ளி. முதல் ஓராண்டு தகுதிகாண் காலத்தில் 13 புள்ளி சேர்ந்தால் உரிமமே ரத்தாகிவிடும். புகுந்து புகுந்து முன்னே வந்து, இடம் போதாமல் கோட்டைத் தாண்டிப் பாதசாரிக் கடப்பில் போய் நின்று, பச்சை விழுவதற்கு ஒரு விநாடி முன்னால் கிளம்புகிற பழக்கம் இருக்கிறதே, அதன் விலை இதுதான். பாதசாரிக் கடப்பு நடப்பவர்களுடைய இடம். கைத்தடியோடு வரும் ஒரு பாட்டி உங்கள் முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய அவசியம் என்ன?

வேறு ஊர்களில் இதை எழுதி வைத்தே முறைப்படுத்தியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2014 ஜூலை 1 முதல் இதை அனுமதிக்கிறது. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, முழு உரிமம் பெற்றவர்கள் மட்டும் செய்யலாம், சாலையோரக் கல்லுக்கும் வண்டிக்கும் நடுவே புகக் கூடாது என்று வரம்புகள் உண்டு. கலிபோர்னியாவில் 2017 முதல் சட்டத்தில் இடம் பெற்றிருக்கிறது. தைவானில் பல சந்திப்புகளில் கார்களின் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் இருசக்கர வண்டிகள் நிற்பதற்கென்றே கட்டம் வரைந்திருக்கிறார்கள். நான் தினமும் போகும் வழியில் அப்படி ஒரு கட்டம்கூட இல்லை. வந்தால் நல்லது என்பது என் கருத்து. நிற்பதற்கு ஓர் இடம் இருந்தால்தான் கோட்டைத் தாண்டாதே என்று கண்டிப்பாகச் சொல்ல முடியும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். இடைபுகுதல் என்றதும் புதியவர்கள் எல்லாரும் கேட்பது “இடம் பத்துமா?” என்றுதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தடம் 3 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் அகலம். கார் 1.8 மீட்டர். இரண்டு கார்கள் அவரவர் தடத்தின் நடுவில் நின்றால் இடையில் 1.3 மீட்டர்போலக் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் கைப்பிடி உள்ள சின்ன வண்டிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம். கார்களின் பக்கக் கண்ணாடிகளைக் கழித்தால் அதுவும் சுருங்கும். பேருந்தின் அகலம் சுமார் 2.5 மீட்டர். பேருந்தும் லாரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுவில் உங்களுக்கு இடமே கிடையாது. அவ்வளவுதான் கணக்கு. பத்தாவது நாளிலேயே கண்ணுக்கு இது பழகிவிடும்.

பழகாதது வேறொன்று. நான் அங்கே இருப்பேன் என்று அடுத்தவர் எதிர்பார்க்கிறாரா என்ற கேள்வி. சென்னையிலோ திருச்சியிலோ ஓட்டிப் பழகியவருக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. அங்கே ஆட்டோக்காரரும் பேருந்துக்காரரும் எந்த நேரமும், எந்தப் பக்கமிருந்தும் ஒரு வண்டி வரும் என்று நினைத்துத்தான் ஓட்டுவார்கள். ஹார்ன் அடித்துச் சொல்லவும் செய்வார்கள். இங்கே ஓட்டுநர் தடத்தை நம்புகிறார், விளக்கை நம்புகிறார். தன் தடத்துக்குள் வேறு எவரும் இருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் வண்டியைத் திருப்புகிறார். அது தவறான நம்பிக்கையும் இல்லை. விரைவுச்சாலையில் முதல் தடத்துக்கும் இரண்டாம் தடத்துக்கும் நடுவே மோட்டார்சைக்கிள் வரும் என்று பெரும்பாலான ஓட்டுநர்களுக்குத் தெரியும். கொஞ்சம் ஒதுங்கியும் கொடுப்பார்கள். அதே ஓட்டுநர் சந்திப்பில் நிற்கும்போது தன் இடப்பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து நிற்கும் என்று நினைப்பதில்லை. நினைக்காத இடத்தை மனிதர் பார்ப்பதில்லை. பார்த்தாலும் மனதில் பதிவதில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாலஸ்டியர் பக்கம், சாயங்கால நெரிசல். இரண்டு தடமும் அசையாமல் நிற்க, நடுவே சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு பக்கச் சாலை, அதன் வாயில் மஞ்சள் கட்டம். கட்டத்தை மறிக்கக் கூடாது என்பதால் ஒரு வேன் அதற்கு முன்பே நின்று, பக்கச் சாலையில் காத்திருந்த ஒரு காரை “போங்க” என்று கையசைத்து விட்டிருக்கிறார். நல்ல மனிதர். காரை ஓட்டியவரும் நிதானமாகத்தான் வந்தார். வேனின் மூக்கைத் தாண்டி அந்தக் கார் எனக்குத் தெரிந்தபோது ஐந்து மீட்டர்கூட இல்லை. 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 7 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கைத் தொடுவதற்குள் மோதியாகிவிட்டது. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டு. அந்த வேன்காரர் செய்ததும் சரி, கார்க்காரர் செய்ததும் சரி, நான் ஒருவன்தான் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் எதிர்பார்க்காத வேகத்தில் இருந்தேன். 10 கிலோமீட்டரில் வந்திருந்தால் அந்த ஒரு விநாடியில் 3 மீட்டர்தான் நகர்ந்திருப்பேன். அப்புறம் கால் ஊன்றி நின்றிருக்கலாம்.

அந்த நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு வழக்கம் வந்தது. வரிசையில் எங்கேனும் ஓர் ஓட்டை தெரிந்தால், அதாவது ஒரு வண்டி முன்வண்டியோடு ஒட்டாமல் இடம் விட்டு நின்றால், அந்த இடத்தில் யாரோ வரப்போகிறார் என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் கொன்றுவிடுவேன். மஞ்சள் கட்டம், பக்கச் சாலை வாய், அடுக்குமாடிக் கார்நிறுத்த வாசல், பெட்ரோல் நிலையம் எல்லாம் இந்த வகை. எதிர்த்திசையிலிருந்து வலப்பக்கம் திரும்பும் காரும் இந்த ஓட்டை வழியாகத்தான் வரும். வலதுபக்கம் திரும்பப் பச்சை அம்பு இல்லாத சந்திப்புகளில் அந்த ஓட்டுநர் எதிரே வரும் கார்களின் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வரிசைக்கு நடுவிலிருந்து ஒரு மோட்டார்சைக்கிள் முளைக்கும் என்பது அவர் கணக்கில் இல்லை.

இதன் மறுபக்கம், பச்சை விழுந்த பின்னும் நகராமல் நிற்கும் வண்டி. பின்னாலிருந்து வரும் நமக்கு எரிச்சல்தான் வரும், போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைப்போம். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவருக்கு முன்னால் ஒரு முதியவர் இன்னும் சாலையைக் கடந்து முடிக்காமல் இருக்கலாம். முன்வரிசையில் நிற்பவருக்கு அந்த முதியவர் தெரிவார், பக்கவாட்டில் புகுந்து வரும் உங்களுக்கு வண்டிதான் தெரியும், ஆள் தெரியாது. மூத்தவர்களுக்குக் கடக்கும் நேரத்தை நீட்டித் தரும் அட்டைக் கருவிகள் இங்கே 2009 முதல் பல கடப்புகளில் இருக்கின்றன. எல்லாக் கடப்பிலும் இல்லை. ஒரு வண்டி நகராமல் நின்றால் அதற்குக் காரணம் உண்டு என்று எடுத்துக்கொண்டு அதன் மூக்குக்குப் பின்னாலேயே நில்லுங்கள்.

எப்போது புகக் கூடாது என்பதற்கு எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது. உங்கள் முன்னால் குறுக்கே நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் விளக்கில் விநாடிகள் இறங்கிக்கொண்டே வருவதைப் பாருங்கள். அது ஐந்து, நான்கு என்று வந்துவிட்டால் உங்கள் விளக்கு மாறும் நேரமும் பெரும்பாலும் நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் வரிசைக்குள் நுழைந்தால், பாதியில் எல்லா வண்டிகளும் கிளம்பும். அவை நகரத் தொடங்கும் நொடியில்தான் ஓட்டுநர்கள் தடம் மாற ஆசைப்படுவார்கள். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டால் முந்தப் பார்க்காதீர்கள். வேகத்தை அப்படியே வைத்து, பக்கத்து வண்டிகளில் ஒன்றை முன்னே விட்டு, அதன் பின்னால் தடத்துக்குள் வந்துவிடுங்கள். இடம் கொடுத்தவருக்குக் கையைத் தூக்கிக் காட்டினால் போதும், அடுத்தமுறையும் இன்னொருவருக்கு இடம் கொடுப்பார்.

கதவு திறப்பதையும் மறக்க வேண்டாம். பள்ளி வாசலுக்குப் பக்கத்துச் சந்திப்பில், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அருகில், விளக்கில் நிற்கும் காரிலிருந்து பயணி இறங்கிவிடுவார். டாக்ஸியின் கூரை விளக்கையும் பின்சீட்டில் ஆள் அசைவதையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

மோட்டார்சைக்கிளுக்குச் சொன்னதெல்லாம் சைக்கிளுக்கும் பொருந்துமா? முக்கால்வாசி பொருந்தும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மோட்டார்சைக்கிள் முன்னே வந்து நின்றால் பச்சையில் கார்களைவிட வேகமாகக் கிளம்பிப் போய்விடும். சைக்கிள் அப்படிப் போக முடியாது. முந்திய சந்திப்பிலிருந்து இந்தச் சந்திப்பு வரைக்கும் ஒரு பேருந்து மிகுந்த கவனத்தோடு, தள்ளி, உங்களைக் கடந்து வந்திருக்கும். சைக்கிளைக் கடக்கும்போது 1.5 மீட்டர் இடைவெளி விடச் சொல்லி ஓட்டுநர்களுக்கு இங்கே வழிகாட்டுதல் இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுக் கடந்த பேருந்தை நீங்கள் சிவப்பில் ஓரமாக முந்தி வந்து நின்றால், அது அடுத்த பச்சையில் மறுபடி உங்களைக் கடக்க வேண்டும். அடுத்த சந்திப்பில் மறுபடியும். ஒவ்வொருமுறை கடப்பதும் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் 12 மீட்டர் நீள வண்டி ஒன்று போவதுதான். நீங்கள் லாபமாகப் பெற்றது முப்பது விநாடி. அந்தப் பேருந்தின் பின்னாலேயே நின்றுவிட்டால் ஒரே ஒருமுறைதான் அது உங்களைக் கடந்திருக்கும்.

நேராகப் போக வேண்டிய சைக்கிள்காரர் ஓரமாகவே புகுந்து வந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. சாலையின் இடது ஓரத்தை ஒட்டி ஓட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் பெரிய சந்திப்புகளில் இடது ஓரத்துத் தடம் இடப்பக்கம் மட்டும் திரும்புவதாக இருக்கும், அல்லது பக்கவாட்டில் பிரிந்து போகும் இணைப்புச் சாலையாக மாறும். ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வந்தவர், திரும்புகிற கார்களுக்குக் குறுக்கே நேராகப் போக வேண்டியதாகிவிடும். வெகு முன்பே பின்னால் திரும்பிப் பார்த்து, கை காட்டி, நேராகப் போகும் தடத்தின் இடது ஓரத்துக்கு வந்துவிடுவது நல்லது. அதற்குத் துணிவில்லாத சாலை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு, பாதசாரிகளோடு சேர்ந்து கடக்கலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2019 பிப்ரவரி முதல் சாலையில் சைக்கிளோட்டுபவருக்குத் தலைக்கவசம் கட்டாயம். ஆனால் இங்கே நான் சொல்லப்போகும் விபத்தில் தலைக்கவசத்தால் பயன் இல்லை.

அது இடப்பக்கம் திரும்பும் லாரி. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். துவாஸ், பைனியர், ஜூரோங், சுங்கை காடுட், கிராஞ்சி பக்கங்களில் தங்குவிடுதியிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போகிற நம் ஆட்கள் எத்தனையோ பேர். அந்தச் சாலைகளில்தான் கொள்கலன் ஏற்றிய டிரெய்லர்களும் அதிகம். விடிவதற்கு முன்னால், பாதித் தூக்கத்தில், சட்டையும் கறுப்பு, சைக்கிளில் விளக்கும் இல்லாமல் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

டிரெய்லர் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே. அவர் இருக்கையிலிருந்து பார்த்தால் இடப்பக்கக் கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சைக்கிள்காரர் தெரியாமலே போகலாம். கண்ணாடிகள் இருக்கின்றன, சில வண்டிகளில் கேமராவும் இருக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் எதிரே வரும் வண்டி, நடப்பவர், விளக்கு எல்லாவற்றையும் பார்க்கும் அவர் அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்க்கும் அரை நொடியில் நீங்கள் அதற்குள் இருந்தாக வேண்டும். அவர் பார்த்து முடித்த பிறகு நீங்கள் புகுந்து வந்தீர்கள் என்றால் அவரைப் பொறுத்தவரை அந்த இடம் காலிதான்.

அப்புறம் அந்தத் திருப்பம். 40 அடிக் கொள்கலன் என்றால் 12 மீட்டருக்கு மேல். அவ்வளவு நீள வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக, மூலையை வெட்டிக்கொண்டு போகும். அதனால் அனுபவமுள்ள ஓட்டுநர் திரும்புவதற்கு முன் வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்கி, அகலமாக எடுத்து, பிறகுதான் இடப்பக்கம் ஒடிப்பார். பின்னாலிருந்து பார்க்கிற சைக்கிள்காரருக்கு என்ன தெரியும்? லாரி வலப்பக்கம் போகிறது, இடப்பக்கம் நல்ல அகலமான இடம் திறக்கிறது. வா வா என்று அழைப்பதுபோல இருக்கும். அந்த இடத்தில்தான் சில விநாடிகள் கழித்துப் பின்சக்கரங்கள் வரப்போகின்றன. உள்ளே போனவருக்கு ஒரு பக்கம் சுவர்போல வண்டி, மறுபக்கம் நடைபாதைக் கல் அல்லது இரும்புத் தடுப்பு. வெளியே வர வழியில்லை. இதில் மோட்டார்சைக்கிள், சைக்கிள் என்ற வேறுபாடு கிடையாது. பேருந்துக்கும் இதே கதைதான், அளவு கொஞ்சம் குறைவு.

ஆகவே சந்திப்பில் இடது தடத்தில் ஒரு பெரிய வண்டி நின்றால் அதன் இடப்பக்கம் போகவே போகாதீர்கள். சிக்னல் விளக்கு போடவில்லை, நேராகத்தான் போவார் என்று தோன்றினாலும் வேண்டாம். அது நின்றிருந்தாலும் வேண்டாம். பின்னால் மூன்று நான்கு மீட்டர் தள்ளி, அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிற மாதிரி நில்லுங்கள். உங்களுக்கு அவர் முகம் தெரிந்தால்தான் அவருக்கு உங்கள் முகம் தெரிய வாய்ப்பு. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும். அந்த ஒரு வண்டிக்குப் பின்னால் நின்றதால் எந்தச் சூப்பர்வைசரும் சம்பளத்தைப் பிடிக்கப்போவதில்லை.

சிங்கப்பூரில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், சில ஆண்டுகளில் அதற்கும் மேல், மோட்டார்சைக்கிளில் போனவர்கள், பின்னால் உட்கார்ந்தவர்களும் சேர்த்து. ஓடும் வண்டிகளிலோ மோட்டார்சைக்கிள் ஆறில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இடைபுகுந்ததால் நேர்ந்தவை அல்ல. அப்படிச் சொன்னால் பொய்யாகும். ஆனால் ஜொகூரிலிருந்து கடற்பாலம் வழியாக விடிகாலையில் வருகிறவர்களையும் சேர்த்து, இத்தனை பேர் தினமும் செய்கிற ஒன்றைப் பற்றி ‘செய்யாதே’ என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வது யாரையும் காப்பாற்றாது என்றும் நினைக்கிறேன். நானும் செய்கிறேன். நின்ற கார்களுக்கு நடுவே, ஓட்டப்பயிற்சி செய்பவரின் வேகத்தில், முன்னே இடம் இருப்பது தெரிந்தால் மட்டும். பாதி நாள் வரிசையிலேயே நின்றுவிடுகிறேன்.

சைக்கிளில் வரும் தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பைனியர் சாலைப் பக்கம் ஒரு சந்திப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டிரெய்லர்கள் திரும்பும் மூலையில் நடைபாதைக் கல்லைக் காட்டினேன். கல்லின் மேல்விளிம்பு உடைந்து, நெடுக டயர் உரசிய கறுப்புக் கறை. “வண்டி ரோட்டுலதானே போகுது, கறை எப்படி அண்ணே கல்லு மேல வந்துச்சு?” என்று கேட்டார். அதற்குள் விளக்கு மாறி ஒரு டிரெய்லர் திரும்பியது. முன்பகுதி எங்களுக்கு வெகு தூரத்தில், சாலையின் நடுவே போனது. பின்சக்கரங்கள் மெல்ல உள்ளே வந்து, அந்தக் கல்லின் மேல் ஏறி, இறங்கிப் போயின. தம்பி இரண்டடி பின்னால் நகர்ந்தார். தினமும் காலையில் சிவப்பு விழுந்தால் அவர் கால் ஊன்றி நிற்கும் இடம் அது.